ஒண்ணுமில்ல குடும்பத்தின் மலையேற்றம்

மார்ச் 4, செவ்வாய்

உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் எழுதச் சொல்லிப் பயிற்சி கொடுப்பவர்கள் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது. எழுதியாயிற்று.

பக்கம் முழுக்க மிச்சம் கிடக்கிறது. காகிதத்தை வீணாக்கினால் எனக்கு மனசு ஆறாது. மற்றதையும் எழுதுகிறேன்.

வயது ஐம்பத்து மூன்று. தொழில் லிஃப்ட் மெக்கானிக். அதாவது, யாரும் படியேறிக் கஷ்டப்படக் கூடாது என்பதற்காகவே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியவன். அப்பேர்ப்பட்டவன் ஜூன் மாதம் ஆறாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள ஒரு பனிமலையில் நடந்தே ஏறப் போகிறேன். பட்டறையில் சொன்னேன். ஸ்பானர் (என் கூட்டாளி, ஆள் ஒல்லி, தலை பெரிசு, அதனால் அந்தப் பெயர்) கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டான்: "ஏண்ணே, மேல ஏதாவது லிஃப்ட் மாட்டிக்கிச்சா?"

மார்ச் 5, புதன்

இது எப்படி ஆரம்பித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு நானே நம்ப மாட்டேன்.

மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஊரில் உள்ளவர்கள் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியும். தன் நெஞ்சில் இருப்பதை மட்டும் வெளியே விட மாட்டாள். அவளும் அவளுக்கு நிச்சயமான பையனும் சேர்ந்து இந்த மலையில் ஏறப் பெயர் பதிந்திருந்தார்கள். ஜனவரியில் கல்யாணம் நின்றுபோனது. மலை நிற்கவில்லை. அது எங்கே போகும்?

அந்தப் பையன் கடைசியாக அனுப்பிய செய்தியை மனைவி என்னிடம் காட்டினாள். மன்னிப்பு, வாழ்த்து எல்லாம் எழுதிவிட்டுக் கீழே ஒரு வரி: "மலைக்கு மட்டும் தனியா போயிடாதே, பாதியிலயே திரும்பி வந்துடுவே." அக்கறையாம்.

மகள் போவதென்று முடிவு செய்துவிட்டாள். உச்சியில் நின்று ஒரு போட்டோ எடுக்க வேண்டும், யாருக்கும் அனுப்பப் போவதில்லை, ஆனால் எடுக்க வேண்டும் என்றாள். சிக்கல் என்னவென்றால் அங்கே ஜோடி ஜோடியாகத்தான் சேர்க்கிறார்கள். ஒரு கயிற்றில் இரண்டு பேர். அவள் கயிற்றில் ஒரு முனை காலி.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் சொன்னேன்: "நான் வரேன்."

வாய் என்னுடையதுதான். ஆனால் அன்றைக்கு அது என்னைக் கேட்காமல் வேலை செய்தது. மகள் சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். சரி, கிண்டலாகப் போய்விடும் என்று நானும் சிரித்தேன். மறுநாள் என் பெயரைப் பதிவு செய்துவிட்டு வந்து நிற்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் பயிற்சி. மைதானத்தில் பதினாறு பேர். எங்களைக் கூட்டிப் போகப்போகிறவள் என் தோளுயரம்கூட இல்லாத ஒரு அம்மாள். கழுத்தில் எப்போதும் விசில். நான் வைத்த பெயர் விசிலம்மா. பதிவேட்டில் இன்னும் அந்தப் பையன் பெயர் அடித்துத் திருத்தப்படாமல் இருந்தது. விசிலம்மா அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்தாள். நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் முதலில் என் மகளைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் தரையைப் பார்த்தார்கள்.

"நான் அவளோட அப்பா," என்றேன்.

கூட்டமே மூச்சு விட்டது.

விசிலம்மா சொன்னதில் இரண்டு விஷயம்தான் மண்டையில் ஏறியது. ஒன்று, ஜோடியில் ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் இரண்டு பேரும் இறங்க வேண்டும். கெஞ்சல், அழுகை எதுவும் செல்லாது. இரண்டாவது, தினமும் சாயங்காலம் ஒவ்வொருத்தரையும் "என்ன பண்ணுது?" என்று கேட்பாள். உண்மையைச் சொல்ல வேண்டும்.

"மலையில உயிர் போனவங்க முக்காவாசிப் பேர் கடைசியா சொன்ன வார்த்தை 'ஒண்ணுமில்ல'தான். எங்கிட்ட அந்த வார்த்தையைச் சொன்னா மைதானத்தைச் சுத்தி ஒரு ஓட்டம்."

முடிந்ததும் என்னிடம்தான் முதலில் வந்தாள். "ஐயா, உங்களுக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லீங்க."

ஓடினேன். பின்னாலேயே காலடிச் சத்தம். திரும்பினால் மகள். அவளும் அதையேதான் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 10, திங்கள்

எங்கே தொட்டாலும் வலி. தொடாத இடத்திலும். மனைவி கேட்டாள். ஒண்ணுமில்ல என்றேன்.

மார்ச் 17, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஏறி இறங்குகிறேன். முதுகுப் பையில் பாரத்துக்காகப் பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிப் போட்ட எதிர்எடை இரும்பு. லிஃப்டின் பின்பக்கம் இந்த இரும்புகளை அடுக்கித் தொங்கவிட்டிருப்போம். இது இறங்கினால் பெட்டி ஏறும். வாழ்நாள் முழுக்கச் சும்மா தொங்கி ஊரை மேலே ஏற்றிவிட்ட இரும்பு, இப்போது என் முதுகில் ஏறி உட்கார்ந்து சவாரி செய்கிறது. பழிவாங்கல்தான்.

மூன்றாவது மாடிக்காரருக்கு இது பெரிய பொழுதுபோக்கு ஆகிவிட்டது. லிஃப்டில் ஏறிக்கொள்கிறார். நான் எந்த மாடியில் இருப்பேன் என்று கணக்குப் போட்டு அங்கே கதவைத் திறந்து தலையை நீட்டுகிறார்.

"என்ன சார், இன்னும் இங்கதானா?"

அந்த லிஃப்டைப் பழுதுபார்க்கிறவன் நான் என்பது அவருக்குத் தெரியும். தைரியசாலி.

மார்ச் 29, சனி

பனி ஜாக்கெட் வாங்கப் போனோம். கடைப் பையன் என் தொப்பையைப் பார்த்துவிட்டு, "சாருக்கு வெயிட் லிஃப்டிங் செக்‌ஷனா?" என்றான். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்ததும் எனக்கு அங்கேயே குளிர் விட்டுப்போயிற்று. திரும்பிவிட்டோம்.

கல்யாணத்தை நிறுத்திய அந்தப் பையன் மலைக்கென்று வாங்கிய ஜாக்கெட் எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது. போட்டுப் பார்த்தேன். தோள் இரண்டும் தொங்குகிறது, நடுவில் ஜிப் மூட மறுக்கிறது. அவனுக்கு எங்கே அகலமோ அங்கே எனக்கு ஒடுக்கம். எனக்கு எங்கே அகலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மனைவி துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்க்கிறவள். கத்தரியை எடுத்தாள். தோளில் வெட்டிய துணியை வயிற்றில் சேர்த்தாள். அந்தத் தோளை அவள் வெட்டிய வேகத்தைப் பார்த்து நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

மகள் வந்து பார்த்தாள். வெட்டிய தோளைத் தொட்டுப் பார்த்தாள். "என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா."

ஏப்ரல் 6, ஞாயிறு

மலை பூட்ஸ் கல் மாதிரி இருக்கிறது. குதிகாலில் கொப்புளம். பழகப் பழகத்தான் இளகும் என்றாள் விசிலம்மா. நான் யார்? மெக்கானிக். இறுக்கமாக இருந்தால் என்ன செய்வோம்? எண்ணெய் விடுவோம். லிஃப்ட் தண்டவாளத்துக்குப் போடும் எண்ணெயை உள்ளும் புறமும் தாராளமாகப் பூசி, இரவு ஊற வைத்து, காலையில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கினேன்.

இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது மாடியிலிருந்து முதல் மாடிக்கு நான் வந்த வேகத்தை எந்த லிஃப்டிலும் அனுமதிக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன். குடியிருப்போர் சங்கத்தில் படியைக் கழுவித் தரச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

டாக்டர் சான்றிதழ். ஓட வைத்தார், ஊத வைத்தார், நெஞ்சில் ஒயர் ஒட்டினார். "இதயம் நல்லா இருக்கு. இந்த யோசனை எங்கேயிருந்து வந்துச்சோ அதைப் பார்க்க வேற டாக்டர் இருக்கார்," என்றார். போகும்போது ஒன்று சொன்னார்: உயரத்தில் வரும் நோய் வயசு பார்க்காது, பலசாலியா நோஞ்சானா என்றும் பார்க்காது. யாரை வேண்டுமானாலும் பிடிக்கும். தலைவலியில் ஆரம்பிக்கும். நடை தள்ளாடினால் யோசிக்காமல் இறங்கிவிட வேண்டும். மருந்தெல்லாம் அப்புறம்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், "உங்க நடை எப்பவுமே அப்படித்தானே, எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்றாள்.

மே 11, ஞாயிறு

ஒத்திகைக்கு ஒரு சின்ன மலை. சின்ன மலை என்று சொன்னது விசிலம்மா. மகள் ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் போகிறாள். கயிறு முழுக்க நீண்டு, இழுபட்டு, என் இடுப்பில் வந்து முடிகிறது. பார்க்கிறவர்களுக்கு நான் அவளோடு ஏறுகிறேனா, அவள் என்னை ஏற்றுகிறாளா என்று சந்தேகம் வந்திருக்கும்.

பாறைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தபோது இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது.

"அந்தப் பொண்ணு உச்சிக்குப் போற ஆளு. பாவம், அப்பாவைக் கட்டிக்கிட்டு வந்திருக்கு."

"பெரியவருக்குத் தலை வலிச்சா அது கதை அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சொன்னது சரி. அதுதான் கடுப்பு. அவள் பாதியில் திரும்பினால் அந்தப் பயல் எழுதிய வரி பலித்துவிடும். அதைப் பலிக்க வைத்தவன் நானாக இருப்பேன். வேண்டாம். அங்கே போய் எது வலித்தாலும் வாயைத் திறக்கப் போவதில்லை. தலை உருண்டு கீழே போனாலும் எடுத்து மாட்டிக்கொண்டு நடப்பேன்.

இனி தினமும் இன்னொரு இரும்பு சேர்த்துப் போடுவது.

மே 24, சனி

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது. நான் பையோடு படியில் ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடிக்காரர் வழக்கம்போல லிஃப்டில். கரண்ட் போய், இரண்டு மாடிக்கு நடுவில் பெட்டி நின்றுவிட்டது. உள்ளேயிருந்து, "சார்! சார்! இருக்கீங்களா?"

"இன்னும் இங்கதான் சார்," என்றேன்.

மொட்டைமாடி அறைக்கு ஏறிப் போய்க் கையால் சுற்றிப் பெட்டியை இறக்கினேன். கதவு திறந்ததும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கு இல்லை. முதுகில் பாரத்தோடு அத்தனை படி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. இதை அவர் கவனித்தாரா தெரியாது. நான் கவனித்தேன்.

ஜூன் 5, வியாழன்

மலை அடிவாரம். கூடாரம் அடித்தாயிற்று. பேனா மை உறைந்துவிட்டது. பென்சில்.

அண்ணாந்து பார்த்தேன். தொப்பி பின்னால் விழுந்தது. இவ்வளவு உயரத்துக்குக் கட்டடம் கட்டினால் எத்தனை லிஃப்ட் போட வேண்டும், நடுவில் எங்கே மாறி ஏற வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மகள், "என்னப்பா, பயமா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

விசில் ஊதிற்று. கூடாரத்தைச் சுற்றி ஓட்டம். அந்த அம்மாளுக்குக் காது எத்தனை?

ஜூன் 8, ஞாயிறு

முதல் முகாம். அவமானமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்: எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நிஜமாகவே. பசிக்கிறது. தூங்குகிறேன். குறட்டையில் பனி சரியும் என்று பக்கத்துக் கூடாரத்தில் புகார். மேலே போய் ஏதாவது பிடிக்கட்டும் என்று கடன்காரனுக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருக்கிறேன்.

மகள் சூப்பை மிச்சம் வைத்தாள். பிடிக்கவில்லையாம்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாவது முகாம். காற்று கத்துகிறது. நாளை விடியும் முன் கிளம்பினால் மதியத்துக்குள் உச்சி.

சாயங்காலம் விசிலம்மா கூடாரம் கூடாரமாக வந்தாள். "என்ன பண்ணுது?" நான் சொன்னேன்: முழங்கால் கொஞ்சம், மற்றபடி சரி. ஓடாமலிருக்க உண்மையைச் சொல்லக் கற்றுக்கொண்டேன். மகள், "சூப்பரா இருக்கேன்," என்றாள்.

விசிலம்மா போன பிறகு பார்த்தேன். இடது கையுறையை வலது கையில் மாட்டப் பார்க்கிறாள். வரவில்லை. மறுபடியும் அதே கையில். தண்ணீர் பாட்டிலை மூடியோடு வாயில் வைத்தாள்.

"தலை வலிக்குதாம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. தூக்கம் சரியில்ல."

நான் அந்தக் குரலைக் கேட்டேன். அது அவள் குரல் இல்லை. பல் பிடுங்கிக்கொண்டு வந்த அன்று நான் சொன்னது அந்தக் குரலில்தான். விரல் கதவிடுக்கில் மாட்டிய அன்று, அப்பா இறந்த அன்று, ஜனவரியில் கல்யாணம் நின்ற அன்று — எல்லாம் அதே ஒண்ணுமில்ல. சரக்கு என்னுடையது. தயாரித்தவனுக்குத் தெரியாதா?

வெளியே போய்விட்டு வந்தாள். காலை அகட்டி, படகில் நடக்கிற மாதிரி நடந்தாள். கூடாரக் கயிற்றைப் பிடித்து நின்றாள். டாக்டர் சொன்னது காதில் கேட்டது.

"இறங்கிடலாம்மா."

"அப்பா, ப்ளீஸ்! பாதியில திரும்பினா... இல்ல. நான் வர மாட்டேன். விசிலம்மாகிட்ட சொன்னீங்கன்னா ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்." கண் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேல் எங்கேயோ பார்த்தது.

என்ன செய்வது? மூன்று மாதமாக ஒரே வைராக்கியம், என்னால் இவள் திரும்பக் கூடாது என்று. அதற்காக இரும்பு சுமந்தேன். வழுக்கி விழுந்தேன். இப்போது நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், பிள்ளை தள்ளாடுகிறது.

யோசிக்க இவ்வளவுதான் இருந்தது. கூடாரத்தை விட்டு வெளியே வந்து கத்தினேன்:

"ஐயோ! எனக்கு முடியலையே!"

விசிலம்மா ஓடி வந்தாள். "என்ன ஐயா?"

"தலை... தலை வெடிக்குது."

ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் மகளைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் வாங்க. இந்தக் கோட்டுல அடிமேல் அடி வச்சு நடந்து காட்டுங்க." பனியில் கம்பால் ஒரு கோடு கிழித்தாள்.

நான் முதலில். நடிப்புக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். தள்ளாட வேண்டும் என்று நினைக்க நினைக்கக் கால் நேராகவே போகிறது. அப்புறம் ஞாபகம் வந்து கடைசியில் பொத்தென்று விழுந்தேன். மகள் இரண்டடி வைத்தாள், சாய்ந்தாள். நான் எழுந்து பிடித்துக்கொண்டேன்.

விசிலம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பெரியவருக்கு முடியல. விதி விதிதான். ஜோடி இறங்கணும். இப்பவே. நானும் வரேன். மத்தவங்க நாளைக்கு உதவி வழிகாட்டியோட போங்க."

எங்கிருந்தோ, "நான் அப்பவே சொன்னேன்," என்றது ஒரு குரல்.

மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை.

கயிற்றில் மூன்று பேர், நெற்றியில் விளக்கு. எதிர்எடை இறங்கினால் பெட்டி ஏறும் என்று நம்பிப் பிழைத்தவன் நான். இங்கே இரண்டும் சேர்ந்து இறங்கின. ஓரிடத்தில் விசிலம்மா என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, அடுத்த தடவை தலைவலின்னா தலையைப் பிடிங்க. நீங்க வயித்தைப் பிடிச்சிருந்தீங்க."

ஜூன் 11, புதன்

அடிவாரம். வெயில். மகள் விழித்ததும் இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள். கையுறையைச் சரியான கையில் மாட்டினாள். நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நோயாளியாக உட்கார்ந்திருக்கிறேன். பசி கொல்கிறது, கேட்க முடியவில்லை.

காலையெல்லாம் பேசவில்லை. மத்தியானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தலைவலி எப்படிப்பா இருக்கு?"

"பரவாயில்லம்மா. குறைஞ்சிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"வரும்போது வலதுன்னு சொன்னீங்க."

மாத்திரை போட்டதில் அது இடம் மாறியிருக்கும் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் மடியில் வைத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே, உச்சிக்குப் பக்கத்தில், எறும்பு மாதிரி நம் ஆட்கள்.

ரொட்டியை ஒரே வாயில் போட்டேன். நோயாளி அப்படிச் சாப்பிட மாட்டான். போகட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

பட்டறை. என் பெட்டியின் மேல் தலைவலித் தைல டப்பா வைத்து மாலை போட்டிருக்கிறார்கள். ஸ்பானரின் வேலை. "அண்ணே, முதல் மாடிக்குப் போகணும், தலை தாங்குமா?"

சாயங்காலம் மூன்றாவது மாடிக்காரர் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏறுங்க சார், எதுக்குக் கஷ்டம்?"

ஏறினேன். வேறென்ன செய்ய? உண்மையைச் சொல்லித் திரிய முடியுமா?

ஜூன் 20, வெள்ளி

நான் பட்டறையிலிருந்து எடுத்துப்போன எதிர்எடை இரும்பைத் திருப்பிக் கொடுக்க மகளும் கூட வந்தாள். பாதியை அவள் தூக்கினாள். ஸ்பானர் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"பாப்பா, பாவம்மா நீ. உச்சிக்குப் போக வேண்டியவ. இந்த மனுஷனால பாதியில இறங்க வேண்டியதாப் போச்சே!"

நான் சைகை காட்டினேன், விடு என்று. அவள் இரும்பைக் கீழே வைத்தாள். நிதானமாகக் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்கு ஒண்ணுமில்ல மாமா. எனக்குத்தான் முடியல. நடக்கவே வரல. அப்பா பொய்யா விழுந்து என்னை இறக்கிக் கூட்டிட்டு வந்தார்."

ஸ்பானர் தைல டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். டப்பாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு நடிப்பு. அதையும் நாலு பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். ஆனால் 'எனக்கு முடியல' என்பதை எங்கள் வீட்டில் ஒருத்தர் இப்படி நேராக நின்று சொல்லி நான் கேட்டதில்லை. அவள் சொன்ன பிறகு கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்காரும்போது முழங்கால் சொடுக்கியது. மனைவி தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்: "என்னங்க, முட்டி எப்படி இருக்கு?"

வாய் வழக்கமான வார்த்தைக்குத் தயாராகிவிட்டது. எதிரே மகள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குது," என்றேன்.

மெஷின் நின்றது.

"என்ன சொன்னீங்க?"